முதல் குலை: நான்கு சபைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஃபாதர், ஐயர், பாஸ்டர், சிஸ்டர், அப்புறம் எங்கள் கொல்லையில் முழங்கால் சேற்றில் நின்று மரம் அறுத்த வாலிபப் பிள்ளைகள் எல்லோருக்கும்,

வணக்கம். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளிர் குழுத் தலைவி எழுதுகிறேன். 2019-இல் நீங்கள் கொடுத்த நெட்டைத் தென்னங்கன்று போன வருஷம் பாளை விட்டது. இப்போது முதல் குலையில் பதினொரு காய் நிற்கிறது. நெட்டைக்கு ஆறேழு வருஷம் பிடிக்கும் என்று நடும்போதே சொன்னீர்கள். காய் பிடித்ததும் கடிதம் போடுகிறேன் என்று நானும் சொன்னேன். தாமதத்துக்கு அதுதான் காரணம்.

கஜா புயல் கரையேறியது 2018 நவம்பர் 16, நள்ளிரவுக்குப் பிறகு. எங்கள் மூன்று மா தோப்பில் எழுபது மரம் இருந்தது. விடிந்து பார்த்தால் நின்றது நான்கு. அந்த ராத்திரியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் அப்போதே நன்றி சொல்லிவிட்டோம். இப்போது சொல்ல வந்தது அந்த நோட்டுக்கு.

என் தாய்வீடு கடலோரம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உதவிக்கு வராத ஆளில்லை. ஆனால் ஒரு வீட்டில் மூன்று ஸ்டவ் இருக்கும், பக்கத்து வீட்டில் ஒன்றுகூட இருக்காது. பழந்துணி ரோட்டோரம் குவிந்து மழையில் ஊறியது. கடலில் கால் நனைக்காத ஒருவர் பெயருக்குக்கூடப் படகு வந்ததாக அம்மா இன்றைக்கும் சொல்லும். அதனால் கஜாவின் மூன்றாம் நாள் உங்கள் வேன்கள் வரிசையாக வந்தபோது, ‘ஆரம்பிச்சாச்சு’ என்றுதான் நினைத்தேன்.

நாகைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு, தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் சபை, தஞ்சாவூர் சி.எஸ்.ஐ., ஒரு பெந்தெகொஸ்தே சபை. உங்கள் ஜெபமே ஒரு மாதிரி இல்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களை ஒருவர் தவக்காலம் என்கிறார், இன்னொருவர் லெந்து நாட்கள் என்கிறார். யாரை ஃபாதர் என்பது, யாரை ஐயர் என்பது என்று புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. கத்தோலிக்கருக்கும் லுத்தரனுக்கும் உள்ள பிணக்கு, லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதற்கும் முந்தியது என்று லுத்தரன் ஐயரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத் திண்ணையில் நால்வரும் உட்கார்ந்தபோது நடுவில் இருந்தது ஒரே நோட்டு. அரிசியும் தார்ப்பாயும் ஒருவர் பொறுப்பு, மரம் அறுக்கும் மிஷின் ஒருவர், பிள்ளைகளின் புத்தகம் ஒருவர், கன்று ஒருவர். ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் கொடுக்கவில்லை.

“கடைசித் தெருவிலிருந்து எழுத ஆரம்பிப்போம்” என்றார் சிஸ்டர். எங்கள் ஊரில் எந்தப் பட்டியலும் அப்படித் தொடங்கியதில்லை. என் மாமனார்கூட முணுமுணுத்தார். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஐயர் அவரிடம், “எங்க சபைகளுக்குள்ளயும் தெரு இருக்குங்க. அதனாலதான் எங்களுக்கு இந்தப் பயம்” என்றார். மாமனார் அதற்குப் பிறகு பேசவில்லை.

நான்காம் வாரம் கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து வசூலுக்கு ஆள் வந்துவிட்டார். குழுவில் இருபத்திரண்டு பேர் வாராவாரம் கட்ட வேண்டிய கடன். கூரையில்லாத வீட்டு வாசலில் நின்று தவணை கேட்டார். வெட்கத்தில் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. சிஸ்டர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் ஒருத்தி வாயைத் திறந்தாள். உடனே நோட்டில் ‘கடன்’ என்று தனியாக ஒரு பக்கம் போட்டீர்கள். மறுநாள் நால்வரும் எங்களோடு அந்த நிறுவனத்தின் கிளைக்கு வந்தீர்கள். கடன் கட்ட ஆறு வாரம் அவகாசம் கிடைத்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறு வாரத்தில்தான் விழுந்த மரத்தை வந்த விலைக்கு விற்று, கூரை போட்டு, மூச்சு விட்டோம்.

திரும்பும்போது வேனில் ஐயர் சொன்ன கதையை இன்னமும் ஊரில் சொல்கிறோம். ஐம்பதாம் வருஷம் கடன்பட்டவரை விடுவிக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதாம். அந்த யூபிலி வருஷத்தின் பெயரை வைத்தே, ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யச் சொல்லிப் பல நாட்டுச் சபைகளும் மற்றவர்களும் ஓர் இயக்கம் நடத்தினார்களாம். 1998 மே 16 அன்று இங்கிலாந்தில், பர்மிங்காமில், பணக்கார நாட்டுத் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் ஊரைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். அப்புறம் பல நாடுகளின் கடன் குறைந்தது. ஆப்பிரிக்காவில் சாம்பியா, கடன் நீங்கிய கையோடு 2006-இல் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டது. “அங்க எழுபதாயிரம் பேரு வேணும். இங்க நாலு பேரு போதும்போல” என்றாள் எங்கள் குழுவில் ஒருத்தி.

‘வெளிநாட்டுக் காசு, மதம் மாற்றத்தான் வந்திருக்கிறார்கள்’ என்று ஊரில் பேச்சு இருந்தது உங்களுக்கும் தெரியும். நான் இன்றைக்கும் மாரியம்மனுக்குத்தான் கூழ் ஊற்றுகிறேன். யாரும் என்னை வா என்று கூப்பிடவில்லை. காசு எங்கிருந்து என்று நேரே கேட்டேன். ஃபாதர் கணக்கையே எடுத்துக் காட்டினார். நாடு பிரிந்தபோது அகதிகளுக்காக 1947-இல் தொடங்கிய, சபைகளின் காசா உதவி அமைப்பு, 1962-இல் வந்த, கத்தோலிக்கரின் காரித்தாஸ் இந்தியா, ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் புரொட்டஸ்டன்ட்டுகளும் தவக்காலத்தில் கத்தோலிக்கரும் 1959 முதல் எடுக்கும் காணிக்கை என்று, இப்படிப் பணம் சேரும் வழிகளையெல்லாம் விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது.

முழுசாகப் புரிந்தது பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவது. நாங்கள் சாப்பிட்டதில் பாதி, ரேஷன் அரிசியில் பொங்குகிற வீடுகளிலிருந்து அப்படி வந்தது. அதைக் கேட்ட வாரமே எங்கள் குழுவும் கலயம் வைத்தது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் மலை சரிந்தபோது அரிசியை விற்று உங்களிடம்தான் கொடுத்தோம். தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்கள் நோட்டில் இருக்கும்.

குறையும் ஒன்று உண்டு. இரண்டாம் முறை கொடுத்த குட்டை ரகத்தில் பாதி பட்டுப்போனது. எங்கள் மண்ணில் உப்பு. முன்னாலேயே எங்களைக் கேட்டிருக்கலாம்.

சரி, காய்க்கு வருகிறேன். ஒன்று மாரியம்மனுக்கு. மாமனார் ஒன்றைக் கடைசித் தெருவுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறார், தானாகவே. மிச்சம் ஒன்பது. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு எப்படியும் இந்தப் பக்கம் வருவீர்கள். லுத்தரன் ஐயருக்கு அங்கே வேலையில்லை என்றாலும் இளநீருக்காக வரலாம். முந்தின நாள் ஒரு போன் மட்டும் போடுங்கள், மரமேற ஆள் சொல்லி வைக்க வேண்டும்.