அம்மா நடக்கட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. "மறதி நோய் வந்த அம்மாவை ஏன்ப்பா நடக்க வச்சு அலைய விடுறீங்க, பேசாமல் உட்காரட்டுமே" என்று நேற்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

போன வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். குளியலறையில் அவள் வழுக்கி விழுந்ததிலிருந்து எனக்குப் பயம். நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலே மாதத்தில், கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. ராத்தூக்கமும் கெட்டது. அது மறதி நோய் செய்த வேலை இல்லை, நான் செய்தது.

நடந்தால் ஞாபகம் திரும்பிவிடும் என்று நான் நம்பவில்லை. இங்கிலாந்தில் மறதி நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. கடினமான பயிற்சிகூட மறதியின் வேகத்தைக் குறைக்கவில்லை, உடம்பில் தெம்புதான் கூடியது. எனக்கு அந்தத் தெம்பு போதும். ராத்திரி தானாக எழுந்து கழிப்பறைக்குப் போகிறாளே, அது உன் அம்மாவுக்கு எத்தனை பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

"நடக்கப் போகலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள். அதனால் கேட்பதில்லை. எதிரில் போய் நின்று, அவள் பார்க்க என் செருப்பை மாட்டிக்கொண்டு "வா" என்பேன். வந்துவிடுவாள். நம் புதுச்சேரி பீச் ரோட்டில் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், நாங்கள் ஆறு மணிக்கே போய்விடுவோம். காந்தி சிலை வரை போவோம். நடக்கும்போது நான் வாயே திறப்பதில்லை. பேசினால் நின்றுவிடுகிறாள், இரண்டையும் சேர்த்துச் செய்ய அவளால் முடியவில்லை. பேச்சு வந்தால் உட்கார்ந்துகொள்வோம்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நாங்கள் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்க்கிறோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது எல்லாம் எங்கள் கணக்கில் சேர்த்திதான். இன்று என்ன கிழமை என்று தெரியாது, ஆனால் கோலப்பொடியைக் கையில் கொடுத்தால் விரல் தானாக இழுக்கிறது. கோடு கோணலாகப் போகும். நான் திருத்துவதில்லை.

சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று தவிப்பாள். இதுதான் வீடு என்று முன்பெல்லாம் வாதாடுவேன். இப்போது "சரி, போகலாம்" என்று தெருவை ஒரு சுற்று சுற்றி, நம் வாசலுக்கே கூட்டி வருகிறேன். பல நாள் அடங்கிவிடுகிறாள்.

பொங்கலுக்கு வரும்போது அவள் கையைப் பிடித்து இழுக்காதே, பக்கத்தில் நட. மூட்டு வலித்தாலும் வாயால் சொல்லமாட்டாள். முகம் சுருங்கும், கை முழங்காலுக்குப் போகும், அதைப் பார்த்துக்கொள். வாசலில் கறுப்பு மிதியடி வாங்கிப் போட்டாயே, அதை எடுத்துவிட்டேன். பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் பார்த்தாள்.

அப்புறம், கயிறு இல்லாமல் பட்டை ஒட்டுகிற ஷூ ஒன்று வாங்கி வா. அளவு 6. அடிப்பகுதி வழுக்காததாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா