ஊசிக்கு முன் ஒரு கேள்வி: தாய்வழியில் யாருக்கேனும் காது போனதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைகளின் செவித்திறன் பரிசோதனை குறித்துத் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். சொந்தத்தில் திருமணம் செய்வதால் பிறவியிலேயே காது கேளாமல் போகும் குழந்தைகளைப் பற்றி அதில் விரிவாக எழுதியிருந்தார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் நன்றாகக் கேட்கும் காதோடு பிறந்து, பரிசோதனையிலும் தேறி, பின்னர் ஓர் ஊசி மருந்தினால் செவித்திறனை இழக்கும் குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. என் குடும்பத்தில் இருவர் அப்படி இழந்தவர்கள் என்பதாலும், முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தாய்மாமாவுக்கு 1972இல் காசநோய் கண்டு, அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடத் தொடங்கினார்கள். இரண்டாம் வாரத்திலேயே காதுக்குள் வண்டு ரீங்கரிப்பது போல இருக்கிறது என்றார். மாதம் திரும்புவதற்குள் கோயில் மணியோசைகூட அவருக்கு எட்டவில்லை. காய்ச்சல் காதில் இறங்கிவிட்டது என்றார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, பிரசவத்துக்குப் பின் காய்ச்சலுக்காகப் போட்ட சில ஜென்டாமைசின் ஊசிகளோடு என் சித்திக்கும் அதே கதி நேர்ந்தது. தாத்தா அக்காள் மகளைக் கட்டியதால் வந்த வினை என்று உறவினர் பேசினார்கள். ஆச்சி அந்தப் பேச்சைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே வாழ்ந்து முடிந்தார். மாமாவோ கடைசிவரை இரவுச் செய்தி நேரத்தில் வானொலிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார்; அதிர்வு நின்றதும் செய்தி முடிந்துவிட்டது என்று எழுந்து போவார்.

உண்மையில் இதற்கும் உறவுத் திருமணத்துக்கும் தொடர்பே இல்லை. செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்டிரியாவுக்கென்று 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சிறிய டிஎன்ஏ வளையம் தனியே உண்டு. அதிலுள்ள 37 மரபணுக்களில் 13 மட்டுமே புரதங்களுக்கானவை. அந்தப் புரதங்களைத் தொகுக்கும் ரைபோசோமின் சிறிய துணை அலகுக்கு ஆர்என்ஏவை வழங்குவது எம்டி-ஆர்என்ஆர்1 என்ற மரபணு. பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, புரதத் தொகுப்பைக் குலைத்து, அதனைக் கொல்வதுதான் ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் வகை மருந்துகளின் வேலை. மைட்டோகாண்டிரியாவும் ஆதியில் பாக்டீரியாவாக இருந்து நம் செல்லின் மூதாதைக்குள் குடிபுகுந்தது என்றாலும், அதன் ரைபோசோம் வடிவில் சற்று விலகிவிட்டதால் இம்மருந்துகளிடமிருந்து பெரும்பாலும் தப்பிக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் இந்த வளையத்தின் 1555ஆவது இடத்தில் அடினைன் என்ற எழுத்துக்குப் பதிலாகக் குவானைன் என்ற எழுத்து இருக்கிறது. அந்த ஓர் எழுத்து மாறியதும், அது எதிரே 1494ஆவது இடத்திலுள்ள சைட்டோசினோடு இணைசேர்ந்து, மருந்து ஒட்டும் அந்த இடத்தைப் பாக்டீரியாவின் வடிவத்தைப் போலவே ஆக்கிவிடுகிறது. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. உட்செவியின் உணர்மயிர்ச் செல்கள் மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இம்மருந்துகளை நெடுநாள் கொடுத்தால் எவருடைய செவிக்கும் ஊறு நேரலாம் என்பது உண்மையே; ஆனால் இந்த மாற்றம் உள்ளவர்களுக்குச் சில ஊசிகளிலேயே, உரிய அளவில் கொடுத்தாலும்கூட, கேள்திறன் போய்விடக்கூடும்.

இஸ்ரேலில் வாழும் ஓர் அரபுப் பெருங்குடும்பத்தையும் சில சீனக் குடும்பங்களையும் ஆராய்ந்து இந்த மாற்றத்தை 1993இலேயே கண்டறிந்து வெளியிட்டுவிட்டார்கள். மைட்டோகாண்டிரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவதால், ஆச்சியிடமிருந்து என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் சித்திக்கும் அது வந்தது. ஆச்சி யாரைக் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஜென்டாமைசினை வேண்டாமென்று மறுக்கும்படி எந்தத் தாய்க்கும் நான் சொல்லவில்லை. இரத்தத்தில் நச்சுத்தொற்று கண்ட பச்சிளங்குழந்தைக்கு அது உயிர்காக்கும் மருந்து, விலையும் குறைவு. நெருக்கடியான சூழலில், மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன் கிராம சுகாதார செவிலியரே அந்த ஊசியைப் போடலாம் என்று 2014இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டதும் அதனால்தான். எனவே ஊசியைத் தாமதப்படுத்தாமல், மருந்தை எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் தாயிடமோ தாயின் தாயிடமோ, "உங்கள் பக்கத்தில் ஊசி போட்டபிறகு யாருக்காவது காது கேட்காமல் போனதா?" என்று கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. உண்டு என்று பதில் வந்தால், வேறு மருந்து கொடுக்க இயலுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இந்தக் கேள்வி மகப்பேறு, குழந்தைகள் பிரிவுகளின் சேர்க்கைப் படிவத்தில் அச்சாகியிருக்க வேண்டும். கேட்பவரின் நினைவாற்றலை நம்பி விடக்கூடாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பாதிக்கப்படும் பிள்ளையை இந்தக் கேள்வியால் காக்க முடியாது என்பதையும் நான் அறிவேன். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து, படுக்கையருகிலேயே 26 நிமிடங்களில் முடிவு சொல்லும் கருவியைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுகளில் பயன்படுத்திப் பார்த்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்து கொடுப்பதில் தாமதம் நேரவில்லை. மாற்றம் உள்ளதாகக் கண்டறியப்பட்ட மூன்று குழந்தைகளுக்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது. அத்தகைய பரிசோதனையை நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவருவது பற்றி அரசு இப்போதே ஆலோசிக்கலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கருவுற்றிருந்தபோது என் மகள் இந்த மரபணு மாற்றத்துக்கான பரிசோதனையைச் செய்துகொண்டாள். 1555ஆவது இடத்தில் அவளுக்கும் மாற்றம் இருக்கிறது. அப்படியானால் எனக்கும் என் மகனுக்கும் உண்டு. ஆனால் மகனின் பிள்ளைகளுக்கு அவன் வழியாக அது செல்லாது. மகள் வயிற்றுப் பேத்திக்கு உண்டு. அவளுடைய தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில், எந்தெந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். சென்ற மாதம் தடுப்பூசி போட வந்த செவிலியர் அதைப் படித்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். அவருக்கு நான் விளக்கியதைத்தான் தங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திருநெல்வேலி.