ஒளிச் சிகிச்சைக்கும் சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகத்தில் முளைக்கும் முடி, கரும்புள்ளி, மங்கு (கன்னத்தில் படரும் கருந்திட்டு) ஆகியவற்றுக்கு ‘ஐ.பி.எல்.’ (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) எனப்படும் ஒளிச் சிகிச்சை நல்ல பலன் தரும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். (சேப்பாக்கம் மைதானத்துக்குத் தொடர்பில்லாத ஐ.பி.எல். இது.) அதில் கூறப்பட்டிருந்த பலன்கள் பொய்யல்ல. ஆனால் அந்த ஒளியை எந்தத் தோலில் எவ்வளவு பாய்ச்சலாம் என்ற கேள்வி கட்டுரையில் ஓரிடத்திலும் எழவில்லை. சென்னைவாசிகளுக்கு முதலில் எழ வேண்டியது அந்தக் கேள்விதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அக்கா மகளுக்கு வயது 24. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) காரணமாகத் தாடையில் முடி வளர்ந்து, பத்து நாளைக்கு ஒருமுறை த்ரெட்டிங் செய்துகொண்டிருந்தவள், ஆவணியில் திருமணம் என்று முடிவானதும் எங்கள் பகுதியிலுள்ள ஓர் அழகு நிலையத்தில் ஆறு சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டினாள். பெரம்பூரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குச் சித்திரை வெயிலில் தினமும் ஸ்கூட்டரில் போய் வருபவள் என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டாவது சிட்டிங்கில், “போன தடவை சரியாகப் பிடிக்கவில்லை, கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்” என்று கூறி, கருவியை இயக்கிய பெண் அதன் ஒளி அளவைக் காட்டும் எண்ணை ஏற்றினார். ரப்பர் பேண்டால் சுண்டியதுபோல் இருப்பது இந்தச் சிகிச்சையில் வழக்கம்தான். அன்று வீடு வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. மறுநாள் காலையில் அவளது தாடையோரம் மூன்று நீள்சதுரங்கள் கன்றியிருந்தன. தீப்பெட்டியின் பக்கவாட்டில் குச்சியை உரசும் பட்டை இருக்குமே, ஏறத்தாழ அந்த அளவு. அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேரான ஓரங்கள். ஒளி வெளிவரும் கண்ணாடிக் கட்டியின் அச்சு அது. கன்றல் ஆறியபின் அந்த இடங்கள் கறுத்துப்போய், முகூர்த்தத்தன்று ஒப்பனைக்குள் மறைக்கப்பட்டன.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் அவளைப் பார்த்த மருத்துவர் யாரையும் குறை கூறவில்லை. எந்த ஃபில்டர் போட்டார்கள், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஆற்றல், ஒளித்துடிப்பு எத்தனை மில்லி விநாடி, முன்னதாகச் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டார். எங்கள் கையில் இருந்ததெல்லாம் ‘பேக்கேஜ் – 6 சிட்டிங்’ என்று எழுதி ரப்பர் முத்திரை குத்திய பில் ஒன்றுதான். காய்ச்சலுக்கு வாங்கும் மாத்திரை அட்டையில்கூட எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறார்களே என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைக் கட்டுரையாளர் விளக்கியிருக்கலாம். லேசர் என்பது ஒரே அலைநீளம் கொண்ட ஒளி. ஐ.பி.எல். லேசர் அன்று; செனான் விளக்கிலிருந்து பளிச்சிடும், சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பரந்த ஒளி. முடியிலும் கரும்புள்ளியிலும் உள்ள மெலனின் என்ற கருநிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடேறுவதால்தான் முடியின் வேர் கருகுகிறது, புள்ளி பொருக்காகி உதிர்கிறது. ஆனால் இது முடியின் மெலனின், இது தோலின் மெலனின் என்று ஒளிக்குப் பேதம் தெரியாது. வெளிறிய தோலில் கறுத்த முடி இருந்தால் வேலை எளிது. நம் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் தோலே வெப்பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. வெயிலில் கறுத்திருக்கும் நாட்களில் அது இன்னும் கூடும். மெலனின் அதிகம் உறிஞ்சுவது குறைந்த அலைநீளங்களைத்தான் என்பதால், கறுத்த தோலுக்கு அந்தப் பகுதியை வெட்டிவிடும் ஃபில்டரைப் போட்டு, ஜூலைக் குறைத்து, துடிப்பை நீட்டி, தோலைக் குளிர்வித்துக்கொண்டே செய்ய வேண்டும். பல நேரங்களில், 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரே நமக்குப் பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர் இந்தக் கருவியையே தவிர்த்துவிடுவார். இந்தச் சிகிச்சை தொடங்கியதும் முடிக்காகவோ மங்குக்காகவோ அன்று: 1995-ல் அமெரிக்காவில் இதற்கு முதன்முதலில் அனுமதி கிடைத்தது, காலில் சிலந்தி வலைபோல் தெரியும் மெல்லிய ரத்த நாளங்களுக்காக. தோலை நிறவாரியாகப் பிரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலும் 1975-ல் வெள்ளைத் தோலை மனத்தில் கொண்டே உருவானது. நம்மில் பெரும்பாலோர் அடங்கும் பழுப்பு, கறுப்பு வகைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை.

மங்கு விஷயத்தில் எனக்குக் கட்டுரையாளர்மீது சற்று வருத்தமே உண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் கன்னத்தில் மங்கு படர்ந்தவள் நான். வெயிலுக்கு முளைக்கும் தனிப் புள்ளியும் மங்கும் ஒன்றல்ல. மங்கு வெப்பத்தாலேயே தூண்டப்படக் கூடியது என்பதால், ஒளியால் முதலில் வெளுத்ததுபோல் தெரிந்து பின்னர் முன்னைவிடக் கறுத்துத் திரும்புவதுண்டு. சன் ஸ்கிரீனும் மருத்துவர் எழுதித்தரும் களிம்பும்தான் அதற்கு முதல் வழி. தனிப் புள்ளி, மங்கு இரண்டையும் சேர்த்து ஒன்றாக விளம்பரம் செய்யும் பலகைகள் நகரில் நிறையவே தொங்குகின்றன. நரைத்த முடிக்கும் இதே பேக்கேஜை விற்கிறார்கள். மெலனினே இல்லாத முடியில் ஒளி எதைப் பிடித்துக்கொள்ளும்?

மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2018-ல் வந்துவிட்டன. அழகு நிலையம் என்ற பலகையின்கீழ் இக்கருவியை இயக்கும் இடங்களையும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம் கவனிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கருவிகளைப் பறிமுதல் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு சிட்டிங்குக்குப் பிறகும் தோலின் வகை, ஃபில்டர், ஜூல், துடிப்பின் நீளம், இயக்கியவர் பெயர், மேற்பார்த்த மருத்துவரின் பதிவு எண் ஆகியவற்றை எழுதி, கையெழுத்திட்ட சீட்டு ஒன்றைச் சிகிச்சை பெற்றவரிடம் கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் போதும். தான் வைத்த எண்ணைத் தன் கைப்பட எழுத வேண்டியிருந்தால், “கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்” என்பதற்கு முன் அந்தப் பெண்ணும் ஒருமுறை யோசித்திருப்பார். அவருக்கு அதைச் சரியாகக் கற்றுக்கொடுக்காத முதலாளியின் பங்கே இதில் பெரிது.

அதுவரை, பணம் கட்டுவதற்கு முன் வாசகர்களே சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். காதருகே சிறிய இடத்தில் ஒளி பாய்ச்சிப் பார்த்துச் சில நாட்கள் காத்திருக்க அவர்கள் ஒப்புக்கொள்கிறார்களா, முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று விசாரிக்கிறார்களா, மச்சத்தையும் பச்சை குத்திய இடத்தையும் விட்டுச் செய்கிறார்களா, கண்ணுக்குக் கவசம் தருகிறார்களா என்று பாருங்கள். புருவத்துக்குக் கீழே ஒளி பாய்ச்ச முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கண்ணின் கருவிழிப் படலத்திலும் (ஐரிஸ்) மெலனின் இருக்கிறது.

மீதியிருந்த நான்கு சிட்டிங்குக்கான பணத்தை நாங்கள் திருப்பிக் கேட்டபோது, அதற்கு ஈடாக ஃபேஷியல் செய்துகொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்தப் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்தில் கொடுப்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பெரம்பூர், சென்னை – 11