கில்மோர் கீ கூரைகளும் வைக்கோல் பஞ்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்டு கவுண்டியில், சால்ட்டீ தீவுகளுக்கு எதிரே உள்ள மீன்பிடி கிராமம் கில்மோர் கீ. அங்குள்ள கூரை வீடுகளை ‘காலத்தால் மாறாதவை’ என்று பயணக் கட்டுரைகள் எழுதிவிட்டுப் போகின்றன. ஆனால், கோதுமை வைக்கோல் கூரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கினாலே பெரிது. முகடு அதற்கும் முன்பே பழுதாகும்.

கைமரங்களின் மேல் புல்லோடு செதுக்கிய மெல்லிய மண்பாளத்தை விரித்து, அதன்மேல் இறவாணத்திலிருந்து முகடு நோக்கிப் பட்டை பட்டையாக வேய்வார்கள். சரிவு 45 பாகைக்குக் குறைந்தால் நீர் தங்கிவிடும். கற்றையை இறுக்கிப் பிடிப்பது ‘ஸ்காலப்’ எனும் விளார்: ஹேசல் அல்லது வில்லோ மரக் குச்சி, இரண்டடிக்குச் சற்று அதிக நீளம். இருமுனையும் கூர்சீவி, நடுவில் முறுக்கி, கொண்டை ஊசிபோல மடிக்க வேண்டும். முறுக்காமல் மடித்தால் ஒடியும். முனை சற்று மேல்நோக்கி இருக்கும்படி குத்துவார்கள். கீழ்நோக்கிக் குத்தினால் விளார் வழியாகவே மழை உள்ளே இறங்கும்.

வேய ஆள் கிடைப்பதே அரிது. நல்ல வைக்கோல் அதைவிட அரிது. இன்றைய கோதுமை ரகங்கள் குட்டையானவை. தழைச்சத்து மிகுந்தால் தாள் மென்மையாகிச் சீக்கிரம் மட்கும். கம்பைன் இயந்திரமோ தாளை நசுக்கிவிடும். உயரமான ரகத்தை, முற்றிக் காய்வதற்குச் சற்று முன்பே, அறுத்துக் கட்டும் பழைய இயந்திரத்தால் அறுத்தால்தான் கூரைக்கு ஆகும். இதனால் பலர் இறக்குமதி நாணலுக்கு மாறுகிறார்கள். அது இருமடங்கு காலம் உழைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால், நாணல் வேயப் பழைய வைக்கோலை முழுவதும் உரித்தாக வேண்டும். பல தலைமுறை அடுக்குகள் மண்பாளத்தோடு குப்பைக்குப் போகும். கூரை வேய மானியம் தரும் அரசு, நீளத்தாள் கோதுமை பயிரிடும் உழவருக்கும் தர வேண்டும் என்பது என் கருத்து.

பழையதன் மேலேயே வேய்ந்துகொண்டு போவதிலும் ஆபத்து உண்டு. கூரை தடிக்கத் தடிக்க, புகைபோக்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயரம் குறைந்து, தீப்பொறி கூரையிலேயே விழும். போதாக்குறைக்கு, இப்போது பலர் வைக்கும் மூடிய இரும்பு விறகடுப்பு, திறந்த கணப்பைவிடப் புகைவழியை அதிகம் சூடாக்குகிறது. விரிசல் விட்ட புகைபோக்கியானால் சுற்றியுள்ள வைக்கோல் உள்ளுக்குள்ளேயே கருகும். காப்பீட்டு நிறுவனங்கள் இவ்வீடுகளை ஏற்கத் தயங்குவது இதற்காகத்தான். உயரம் போதாவிட்டால், வேய்வதற்கு முன்பே புகைபோக்கியை உயர்த்திக் கட்டிவிடுவது நல்லது. பிறகு செய்தால் புதுக் கூரையைப் பிரிக்க நேரும்.

இப்படிக்கு,
பாரம்பரியக் கட்டடப் பராமரிப்புப் பொறியாளர், டப்ளின்