தெலுக் டுயோங் கரையோரப் பாதையை மேட்டுக்கு மாற்றித் தரக் கோரும் மனு

பெறுநர்:
மாநில இயக்குநர் அவர்கள்,
வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை,
பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பினாங்கு தேசியப் பூங்காவின் தெலுக் பஹாங் நுழைவாயிலிலிருந்து தெலுக் டுயோங் கடற்கரை வழியாக, 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் வரை வார இறுதிகளில் நடந்து பழகிய தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறி இறங்கும் கால்கள்தாம். பாதை கரடுமுரடாக இருப்பதில் எங்களுக்குக் குறை இல்லை. வேரைப் பிடித்து ஏறவும் பாறை தாண்டவும்தானே வருகிறோம்! பாதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் போவதுதான் கவலை.

தெலுக் அலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையத்தைத் தாண்டியதும், சில இடங்களில் கரைமேட்டின் அடிமண்ணை அலை அரித்துவிட்டது. மரவேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. தீவு கருங்கல் தீவுதான். ஆனால் நாம் நடப்பது அந்தக் கல் மக்கி உதிர்ந்த பொறபொறத்த மண்மேல். கீழே அலை குடைய, மேலே மழைநீர் ஊற, ஒரு நல்ல மழைக்கே பிளந்து இறங்கிவிடும். 2017 நவம்பர் 4 இரவு மழையில் தீவின் மலைச்சரிவுகள் பட்ட பாட்டைத் தாங்கள் அறிவீர்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்கும். வற்றத்தில் மணலில் இறங்கிச் சுற்றிப் போய்விடலாம். திரும்பும்போது அந்த மணல் இருக்காது. படகுக்குக் காசில்லாத இளைஞர்கள் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறைகளுக்கு இடையே தண்ணீரில் நடக்கிறார்கள். வயதானவர்கள் என்ன செய்வார்கள்?

அரித்த இடங்களில் மட்டும் பாதையைச் சில மீட்டர் மேலே, காட்டுக்குள் தள்ளி அமைத்துத் தாருங்கள். செங்குத்தான இடத்தில் மரப்படியும் பிடிகயிறும் போதும். கடலோரமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பும் யோசனை இருந்தால் தயவுசெய்து வேண்டாம். சுவரில் மோதித் திரும்பும் அலை முன்னால் இருக்கும் மணலை வாரிக்கொண்டு போகும். பந்தாய் கெராச்சுட்டில் பச்சை ஆமைகள் முட்டையிட வரும் பூங்கா இது. மணல் போனால் ஆமைக்கு இடமேது? (சுவர் கட்டினால் வசதி குரங்குகளுக்குத்தான், உட்கார்ந்தபடியே நம் பையைப் பறிக்கலாம்.) சாய்ந்து நிற்கும் மரங்களையும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், மிச்ச மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அவற்றின் வேர்தான்.

பெயர் பதியும் முகப்பிடத்தில் அன்றன்றைய ஏற்ற வற்ற நேரத்தை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதி வைத்தால் பாதி ஆபத்து குறையும். இதற்குப் பெரிய செலவில்லை, நாளைக்கே செய்யலாம். வேலை நடக்கும்போது முழுப் பாதையையும் மூடாமல், அந்தத் துண்டை மட்டும் மூடுமாறும் வேண்டுகிறோம்.

தங்கள் அதிகாரி ஒருவர் வற்றத்தில் ஒருமுறையும் ஏற்றத்தில் ஒருமுறையும் இதை நடந்து பார்க்க வேண்டும். நாள் குறித்துச் சொன்னால், எந்த மேடு எப்போது சரிந்தது என்று காட்ட எங்களில் சிலர் உடன் வருகிறோம். அடைமழை தொடங்குமுன் அந்த நாளைக் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தெலுக் பஹாங், பத்து பெரிங்கி வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)