ஜோவின் கூந்தலுக்கு 25 டாலர்

அன்புள்ள தங்கைக்கு,

மெக், ஜோ, பெத், எமி என்ற நான்கு சகோதரிகளின் கதையான 'லிட்டில் விமன்' நாவலைப் படித்து முடித்த சூட்டில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கல்யாணமே வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு திரிந்த ஜோ, கடைசியில் ஏறக்குறைய 40 வயதான ஒரு ஜெர்மன் பேராசிரியரைக் கட்டிக்கொண்டாள், இதில் எங்கே இருக்கிறது பெண் சுதந்திரம் என்று கேட்டிருக்கிறாய். கோபம் நியாயம்தான். அதை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதில்தான் நான் உன்னோடு மாறுபடுகிறேன். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இன்னொரு முறை படி. நாவலை எழுதிய லூயிசா மே ஆல்காட் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி டாலர் டாலராக எழுதி வைத்திருக்கிறார்.

அதற்கு முன்னால் உன் பிரதியைப் புரட்டிப் பார். முதல் பாகம் 1868ல் வந்தது, இரண்டாம் பாகம் 1869ல். இரண்டும் சேர்ந்து 47 அத்தியாயங்கள். இங்கிலாந்தில் இரண்டாம் பாகத்தை 'குட் வைவ்ஸ்' என்று தனியாகப் போட்டதால், 23 அத்தியாயத்தோடு நிற்கும் பிரதிகள் இன்றும் புழக்கத்தில் உண்டு. சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பு என்றால் நான் சொல்லப்போகிற இடங்கள் பலவும் அதில் இல்லாமல் போகலாம். முழுப் பதிப்பை எடு.

15ஆம் அத்தியாயத்தில் தொடங்கு. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம். அப்பா வாஷிங்டனில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தந்தி வருகிறது. அம்மா கிளம்பப் பணம் இல்லை, மார்ச் அத்தையிடம் கடன் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். ஜோ வெளியே போய் 25 டாலரோடு வருகிறாள், தலையில் கூந்தல் இல்லை. வீட்டில் எல்லாரும் உருகுகிறார்கள். சினிமாவாக இருந்தால் காட்சி அதோடு முடிந்திருக்கும். ஆல்காட் அன்று ராத்திரி வரை நம்மை உட்கார வைக்கிறார். ஜோ இருட்டில் அழுகிறாள். அப்பாவை நினைத்தா என்று மெக் கேட்டால், இல்லை, என் முடியை நினைத்து என்கிறாள். நாளைக்கே மறுபடி விற்கச் சொன்னாலும் விற்பேன் என்றும் சொல்கிறாள். வலித்தது, ஆனால் முடிவு அவளுடையது. யாரும் கேட்கவில்லை, யாரும் தள்ளிவிடவில்லை.

இதோடு 17ஆம் அத்தியாயத்தை வைத்துப் பார். அம்மா ஊரில் இல்லை. ஏழை ஹம்மல் குடும்பத்துக் கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை, யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்று பெத் கேட்கிறாள். மெக்குக்கு அசதி. ஜோவுக்குச் சளி, பக்கத்து வீட்டுப் பையன் லாரியோடு வெளியே போகிற அளவுக்குச் சரியாகிவிட்டது, ஹம்மல் வீட்டுக்குப் போகிற அளவுக்கு இல்லை என்று அவளே சிரித்து மழுப்புகிறாள். கடைசியில் பெத்தான் போகிறாள். குழந்தை அவள் மடியிலேயே செத்துப்போகிறது. அது ஸ்கார்லெட் காய்ச்சல். மெக்குக்கும் ஜோவுக்கும் அது முன்பே வந்து போயிருந்தது. அவர்கள் போயிருந்தால் ஆபத்து அநேகமாக இல்லை. காய்ச்சல் வராதவள்தான் போனாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் உடம்பு தேறவே இல்லை.

குடும்பப் பாசத்துக்கு உதாரணமாகப் பெத்தைக் காட்டுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். மறுத்துப் பேசாதவள் தலையில்தான் தியாகம் வந்து விழும் என்று இதைவிடத் தெளிவாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. ஆல்காட்டின் தங்கை எலிசபெத்தும் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு உதவப் போய் இதே காய்ச்சலை வாங்கிக்கொண்டவள்தான், 1858ல் இறந்துபோனாள்.

அம்மாவையும் விட்டுவிடாதே. நான் அநேகமாக என் வாழ்வின் ஒவ்வொரு நாளும் கோபப்படுகிறேன், அதைக் காட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று 8ஆம் அத்தியாயத்தில் ஜோவிடம் சொல்கிறாள். 'பொறுமையே உருவானவள்' என்று நாம் எடுத்துக்கொண்ட ஆள் இவள்!

மெக்கின் கதை 28ஆம் அத்தியாயத்தில். கையில் தன் சம்பாத்தியம் என்று எதுவும் இல்லாத மனைவி, 50 டாலருக்குப் பட்டுத்துணி வாங்கிவிடுகிறாள். கணவன் ஜான் சத்தம் போடவில்லை. தனக்குச் சொல்லியிருந்த குளிர்கோட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். மெக் பட்டைத் தோழிக்கு விற்று, அந்தக் கோட்டை வாங்கி வருகிறாள். அழகான சமரசம்தான். ஆனால் கல்யாணத்துக்கு முன் வீட்டு ஆசிரியையாகச் சம்பாதித்தவள் மெக் என்பதை மறந்துவிடாதே.

இனி ஜோ. 27ல் கதைப்போட்டியில் 100 டாலர் பரிசு. அது பெத்தையும் அம்மாவையும் கடற்கரைக்கு அனுப்பப் போகிறது. அடுத்த கதை கறிக்கடை பாக்கியைத் தீர்க்கிறது, இன்னொன்று தரைக்குக் கம்பளம் போடுகிறது. நாவலுக்கு 300 டாலர். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்ல, எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய் அந்த நாவலைக் குதறிவிடுகிறாள். பிறகு நியூயார்க்கில் பரபரப்புக் கதைகள் எழுதிக் காசு பார்க்கிறாள். அந்த மாதிரிக் கதைகள், அவள் பின்னால் கட்டிக்கொள்ளும் பேராசிரியர் பேயருக்குப் பிடிக்கவில்லை. 34ஆம் அத்தியாயத்தில் ஜோ அத்தனையையும் அடுப்பில் போட்டுவிடுகிறாள்.

உன் கோபத்தை இங்கே வை, கல்யாணத்தில் அல்ல. இத்தனைக்கும் ஆல்காட்டே ஏ. எம். பர்னார்ட் என்ற புனைபெயரில் இதே ரகக் கதைகளை எழுதிக் குடும்பத்தைத் தாங்கியவர். தான் செய்ததை நினைத்து ஜோவை வெட்கப்பட வைத்தாரா, வாசகர்களுக்காக வேஷம் போட்டாரா என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

கல்யாணத்துக்கு வருவோம். முதல் பாகம் வந்ததும், பெண்கள் யார் யாரை மணக்கிறார்கள் என்று கேட்டு வாசகிகள் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்று 1868 நவம்பரில் நாட்குறிப்பில் எழுதினார் ஆல்காட். அவர் மனத்தில் ஜோ எழுத்தாளராகத் தனியாகவே இருந்திருக்க வேண்டியவள். வீம்புக்குத்தான் அந்த விசித்திரமான மாப்பிள்ளையைப் பிடித்தார். ஆனாலும் 46ஆம் அத்தியாயத்தில், குடைக்குள் நின்றுகொண்டு ஜோ போடும் நிபந்தனையைப் படி: குடும்பத்தைத் தாங்க நானும் சம்பாதிப்பேன், அதற்குச் சம்மதித்தால்தான் வருவேன். பிறகு அவர்கள் பள்ளிக்கூடம் நடத்தும் பிளம்ஃபீல்டு வீடு யாருடையது? மார்ச் அத்தை ஜோவுக்கு எழுதி வைத்தது. பேராசிரியர் அவள் வீட்டுக்குத்தான் வருகிறார். அது பையன்களுக்கான பள்ளி என்பது வேறு வயிற்றெரிச்சல்.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்: கொடுத்தது யார், முடிவெடுத்தது யார், பயன் யாருக்கு. முதல் அத்தியாயத்தில் ஆளுக்கொரு டாலரில் அம்மாவுக்குப் பரிசு வாங்குவதிலிருந்தே எழுதிக்கொண்டு போகலாம். முதல் இரண்டு பத்தியில் ஒரே பெயர் வருகிற இடத்தையும், வராத இடத்தையும் தனித்தனியாகக் குறித்து வை. பெத்தின் வரிசையில் நடுப்பத்தியை நிரப்பத் திணறுவாய்.

எமிக்குத் தனிப் பக்கம் ஒதுக்கு. 29, 30ல் ஜோவின் வாய்த்துடுக்கால் ஐரோப்பியப் பயணம் அவளுக்குப் போகிறதே, அதில் தப்பு யார் பக்கம் என்பதில் நமக்குள் சண்டை வரும். அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அக்கா