சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். சென்ற கல்வியாண்டில் ஒருநாள் மதிய இடைவேளையின்போது, எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, வகுப்பைவிட்டு யாரை வெளியேற்றலாம் என்று ஆளுக்கு இரண்டு பேரை 'நாமினேட்' செய்துகொண்டிருந்தார்கள். பெயர் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. அதிக வாக்குகள் விழுந்தது, ஊருக்கு வெளியே இருக்கும் காலனியிலிருந்து வரும் ஒரு மாணவிக்கு. சத்தமாகப் பேசுகிறாள், எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள் என்றார்கள். அவளைவிடச் சத்தமாகப் பேசும் மாணவன்தான் அந்த ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தான். அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். பிற்பகல் வகுப்பில் நான் கேட்ட கேள்விகளுக்கு அவள் வாயே திறக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் பூர்வீகம் எல்லோரும் அறிந்ததுதான். 1999-இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் தொடங்கி, 2006-இல் இந்திக்கும், 2017 ஜூன் மாதம் தமிழுக்கும் 'பிக் பாஸ்' என்ற பெயரில் வந்த நிகழ்ச்சி அது; போட்டியாளர்களை ஒரே வீட்டில் தங்கவைத்து, ஒவ்வொருவராக வெளியேற்றும் ஆட்டம். விதிகள் அங்கிருந்து வந்தவை. ஆனால் யார் பேசினால் துணிச்சல், யார் பேசினால் திமிர் என்று பார்க்கும் கண் நம்முடையது. தமிழில் முதல் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே, ஒரு போட்டியாளர் இன்னொருவரின் நடத்தையை இழித்துப் பேச 'சேரி பிஹேவியர்' என்ற சொல்லைப் பயன்படுத்தியதும், அது அப்படியே ஒளிபரப்பானதும், புதிய தமிழகம் கட்சியின் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி 100 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பியதும் தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 2007 ஜனவரியில், இங்கிலாந்தில் இதே நிகழ்ச்சியின் பிரபலங்களுக்கான பதிப்பில் நடிகை ஷில்பா ஷெட்டி இனரீதியாக இழிவுபடுத்தப்பட்டபோது, அந்நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காமுக்கு 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. சேனல் 4 விதிகளை மீறியது என்று தீர்ப்பளித்த ஆஃப்காம், அந்தத் தீர்ப்பை அதே தொலைக்காட்சி தன் திரையிலேயே அறிவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஆறாவது விதி, பெண்களை இழிவுபடுத்துவதையும், இன, மொழி, வட்டாரக் குழுக்களை ஏளனமாகச் சித்திரிப்பதையும் தடை செய்கிறது. ஆனால் விதியால் பிடிக்க முடிவது, காதில் விழுந்த ஒரு சொல்லையோ கண்ணில் பட்ட ஒரு காட்சியையோதான். முத்திரை குத்தும் வேலையில் பெரும்பகுதி தகாத சொல் ஒன்றுகூட இல்லாமலே நடந்துவிடுகிறது என்பதே என் கவலை.

பிக் பாஸ் வீட்டில் ஒரு நாளின் 24 மணி நேரமும் பல கேமராக்களில் பதிவாகி, அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் இரவில் நம் வீட்டுக்கு வருகிறது. ஒரே ஒரு கேமராவைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் 23 மணி நேரம் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த 23 மணி நேரத்தில், 'சண்டைக்காரி' என்று நாம் அறிந்தவர் யாருக்காவது காப்பி போட்டுக் கொடுத்திருக்கலாம். 'வெள்ளந்தி' என்று நாம் கொண்டாடுபவர் நன்றாகவே கணக்குப் போட்டு விளையாடியிருக்கலாம். எடுத்ததையும் விட்டதையும் தீர்மானிப்பவர் நம் கண்ணில் படுவதே இல்லை. வார இறுதியில் போட்டியாளர்களின் பொய்யை அம்பலப்படுத்த 'குறும்படம்' போட்டுக் காட்டும்போது வீடே அதிர்கிறது. இதோ ஆதாரம் என்று நாமும் நிமிர்ந்து உட்காருகிறோம். அந்தக் குறும்படமும் வெட்டி ஒட்டியதுதானே என்று கேட்பதற்கு நாம் பழக்கப்படவில்லை.

அந்த மதியத்துக்குப் பிறகு நான் ஒரு பாடவேளையை இதற்காக ஒதுக்கினேன். அத்தகைய நிகழ்ச்சி ஒன்றின் அரை நிமிட முன்னோட்டத்தைத் திறன் பலகையில் முதலில் சத்தமில்லாமல் போட்டேன். ஒரு பெண் சமையலறை வாசலில் நிற்கிறார், திரும்பிப் பார்க்கிறார், இன்னொருவர் முகம் வருகிறது, மீண்டும் அவர் முகம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள் என்றேன். பிறகு சத்தத்தோடு போட்டேன். இடிபோல் ஓர் இசை, நடுவே ஒரு பெருமூச்சு. ஒரு மாணவன் எழுந்து, "சவுண்டை எடுத்துட்டா அந்த அக்கா சும்மா நிக்கிறாங்க மிஸ்" என்றான். யாருடைய முகத்தை எவ்வளவு நேரம் காட்டினார்கள், அவர் பேசியதற்கு முன்பு அடுத்தவர் என்ன சொன்னார் என்பதைக் காட்டினார்களா, ஆண் கோபப்பட்டபோது என்ன இசை, பெண் கோபப்பட்டபோது என்ன இசை என்று அதன் பிறகு அவர்களே கேள்விகளை அடுக்கினார்கள். விமர்சன வாசிப்பு என்று கல்வியாளர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் தேடிப் போகவில்லை.

அடுத்த வாரம் குழந்தைகளின் பாட்டுப் போட்டிகளை எடுத்துக்கொண்டோம். நகரத்துக் குழந்தை வந்தால், யாரிடம் சங்கீதம் கற்றது, எத்தனை ஆண்டு பயிற்சி என்பது அறிமுகம். கூலித் தொழிலாளியின் குழந்தை வந்தால், முதலில் ஓட்டு வீடு, பிறகு அம்மாவின் கண்ணீர், கடைசியில்தான் பாட்டு. அந்தக் குழந்தையும் பல ஆண்டுகள் உழைத்துத்தான் அந்த மேடைக்கு வந்திருக்கும். அதன் உழைப்பு கண்ணீருக்குள் கரைந்துபோகிறது. நன்றாகப் பாடக்கூடிய மாணவி ஒருத்தி, அவளுடைய தந்தை கட்டட வேலைக்குப் போகிறவர், "நான் போனா எங்க வீட்டையும் இப்படித்தான் காட்டுவாங்களா மிஸ்?" என்று கேட்டாள். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

குடும்பத் தகராறுகளைப் பஞ்சாயத்து செய்த நிகழ்ச்சிகளும் இந்த வகையில்தான் சேரும். வசதியுள்ள வீட்டுச் சண்டை வழக்கறிஞர் அறைக்குள் முடிந்துவிடுகிறது. தொலைக்காட்சி நாற்காலியில் அழுதவர்கள் பெரும்பாலும் ஏழைகள். ஏழைக் குடும்பம் என்றாலே குடியும் கள்ள உறவும் கூச்சலும்தான் என்ற எண்ணம், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, ஆண்டுக்கணக்கில் வரவேற்பறைகளில் ஊறியது. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018-இல் இடைக்காலத் தடை விதித்தது. நிகழ்ச்சியை நிறுத்தலாம், ஊறிய எண்ணத்தை எந்த ஆணை நிறுத்தும்?

இதற்காகப் புதிய பாடத்திட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நமது ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'சமத்துவம் பெறுதல்' என்ற பாடம் பாரபட்சத்தையும் முத்திரை குத்தும் வழக்கத்தையும் பேசுகிறது. ஏழாம் வகுப்பில் 'ஊடகமும் ஜனநாயகமும்' என்ற பாடம் வருகிறது. இரண்டும் நல்ல பாடங்கள். ஆனால் முதலாவதைத் தெருவோடும் இரண்டாவதைச் செய்தித்தாளோடும் நிறுத்திக்கொள்கிறோம். பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்குப் பார்ப்பதோடு இரண்டையும் சேர்த்து வாசிப்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது, கூலி, தண்ணீர், ரேஷன் என்று வாழ்க்கையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. அங்கே எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அதே தெளிவை இன்று திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் நாம் கொடுக்க முடியும்.

மாதத்துக்கு ஒரு பாடவேளை போதும். தமிழாசிரியர்களும் சமூக அறிவியல் ஆசிரியர்களும் சேர்ந்து, ஏதேனும் ஒரு ரியாலிட்டி ஷோவின் சில நிமிடங்களை வகுப்பில் வாசிக்கப் பள்ளிக் கல்வித் துறை முறையாக வழிசெய்ய வேண்டும். அதற்கான பயிற்சியைக் கோடை விடுமுறைப் பணியிடைப் பயிற்சிகளிலேயே சேர்க்கலாம். தொலைக்காட்சி விமர்சனத்துக்கு இடம் ஒதுக்கும் தங்கள் நாளிதழும், யார் வெளியேறினார், யார் அழுதார் என்பதோடு நிற்காமல், அந்த வாரம் யாருடைய பேச்சு வெட்டப்பட்டிருந்தது, யாருக்கு எந்த இசை போடப்பட்டது என்பதையும் எழுதினால், அந்தப் பத்தியை நான் கத்தரித்து வகுப்புச் சுவரில் ஒட்டுவேன்.

அன்று நாமினேட் செய்யப்பட்ட மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் அவளே ஒரு முன்னோட்டத்தை எழுதிக்கொண்டு வந்தாள்: இடப்பக்கம் திரையில் வந்தவை, வலப்பக்கம் திரையில் வராதவை என்று இரண்டு பத்தி. வலப்பக்கம்தான் நீளமாக இருந்தது.

இப்படிக்கு,
அரசுப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.